ஒரு விண்ணப்பப் படிவத்தின் பூர்வீகம்



முப்பத்து மூன்று வருடம் சர்க்கார் ஆபீசில் படிவங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். அதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டமும் சும்மா வந்து உட்காருவதில்லை. எப்போதோ எவனோ ஒரு கோளாறு பண்ணியிருப்பான். அதைப் பற்றி மேலிடத்தில் ஒரு கோப்பு ஓடியிருக்கும். அடுத்த முறை படிவம் அச்சாகி வரும்போது புதிதாக ஒரு கேள்வி முளைத்திருக்கும். கோளாறு பண்ணியவன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்விக்குச் சாவே கிடையாது.

போன மாதம் எனக்குப் படிக்கக் கிடைத்தது அமெரிக்கப் படிவம். நண்பர் ஒருவரின் மகள் வயிற்றுப் பேரன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். வயது 22. சரக்குக் கிடங்கு ஒன்றில் வேலை. அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் போலீஸ் அதிகாரிப் பயிற்சிக்கு மனுப் போடுகிறான். நண்பர் அந்தக் காகிதங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "போலீஸ் வேலைக்கு யாராவது கைக்காசு போட்டுப் படிப்பார்களா? எடுத்த பிறகுதானே ட்ரெய்னிங்? பையனை யாரோ நன்றாக ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன், நீங்க படிச்சுப் பாருங்க" என்றார்.

படித்தேன். ஏமாற்று இல்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம்மூரில் முதலில் ஆளை எடுப்பார்கள். உயரம் பார்த்து, நெஞ்சளவு பார்த்து, ஓடவிட்டு, எழுதவிட்டு, பட்டியல் போட்டு, அதற்குப் பிறகுதான் பயிற்சிப் பள்ளி. பயிற்சிக் காலத்திலேயே கையில் பணம் வரும். பிரான்ஸிலும் அப்படித்தான். 'கொன்கூர்' என்கிற போட்டித் தேர்வில் தேறியவனைப் போலீஸ் பள்ளியில் சேர்த்து, மாணவனாக இருக்கும்போதே சம்பளம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலும் பெரிய நகரங்கள் தாங்களே ஆளெடுத்து, சம்பளம் கொடுத்துப் பயிற்சி தருகின்றன. ஆனால் அங்கே போலீஸ் என்பது ஒரே இலாகா இல்லை. ஊருக்கு ஊர் தனிப் போலீஸ், கவுண்டிக்குக் கவுண்டி ஷெரிஃப். இருபது முப்பது காவலர் வைத்திருக்கிற சின்ன ஊர் தனக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி கட்ட முடியுமா? அந்த இடத்தில்தான் காலேஜ் வருகிறது. ரியோ ஹோண்டோ, கோல்டன் வெஸ்ட் போன்ற கம்யூனிட்டி கல்லூரிகளில் போலீஸ் அகாடமி உண்டு. எந்த ஊரும் வேலைக்கு எடுக்காத ஒருவன்கூட அதில் மாணவனாகச் சேர்ந்து, படித்து முடித்து, சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடலாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டு வருடப் பொதுக் கல்லூரி. உயர்நிலைப் பள்ளிகளே மேற்படிப்பும் நடத்தலாம் என்று கலிஃபோர்னியாவில் 1907-ல் சட்டம் வந்தது. 1910-ல் ஃப்ரெஸ்னோ ஊரில் முதல் கல்லூரி ஆரம்பமானது. 1984 வரைக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. இப்போது ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். தச்சு வேலை, நர்ஸ் படிப்பு, மோட்டார் மெக்கானிக் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற இடம். அங்கே போலீஸ்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டால், அதற்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால் அமெரிக்கப் போலீஸ் எப்படி இருந்தது என்று இரண்டு வரி. கட்சிக்காரர் கைகாட்டியவருக்கு வேலை. கட்சி தோற்றால் வேலையும் போகும். நியூயார்க்கில் 1894-ல் லெக்ஸோ என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. சாதாரணக் காவலர் வேலைக்கு 300 டாலர் கொடுக்க வேண்டும் என்று சாட்சிகள் சொன்னார்கள். கேப்டன் பதவிக்கு 15,000 டாலர் கொடுத்ததாக ஒரு கேப்டனே ஒப்புக்கொண்டார். கொடுத்த பணத்தை எங்கிருந்து திரும்ப எடுத்திருப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் வயசுக்காரர்களுக்குத் தெரியாத சங்கதியா?

இனி அந்த மனிதர். பெயர் ஆகஸ்ட் வோல்மர். 1876-ல் நியூ ஆர்லியன்ஸில் ஜெர்மன் பெற்றோருக்குப் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர் இல்லை. கல்லூரிப் பக்கம் மாணவனாகப் போனதே கிடையாது. கணக்கு எழுதுவது, சுருக்கெழுத்து, தட்டச்சு கற்றுக்கொண்டார். (அதாவது நம் இனம்.) பிலிப்பைன்ஸ் போருக்குப் போய்த் திரும்பி, கலிஃபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் தபால்காரராக இருந்தார். 1904-ல் ஒரு சரக்கு வண்டிப் பெட்டி தானாக உருண்டு, பயணிகள் ரயிலை நோக்கி ஓடியது. வோல்மர் ஓடிப்போய் அதில் தொற்றி ஏறி பிரேக்கைப் போட்டு நிறுத்தினார். அடுத்த வருடம் ஊர் மார்ஷல் தேர்தலில் நிறுத்தினார்கள், ஜெயித்துவிட்டார். அப்போது வயது 29. 1909-ல் அந்த ஊரின் முதல் போலீஸ் தலைவரானார்.

படிக்காத அந்த மனிதருக்குத் தன் காவலர்கள் படிக்க வேண்டும் என்று ஒரு வெறி. பெர்க்லியில் பெரிய பல்கலைக்கழகம் இருந்தது வசதியாகப் போயிற்று. 1908-லேயே காவலர்களுக்கு ஒரு பள்ளி வைத்தார். 1916-ல் சட்டப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து பல்கலைக்கழகத்திலேயே கோடை வகுப்பு ஆரம்பித்தார். கல்லூரி மாணவர்களைப் பார்த்து, இரவில் ரோந்துக்கு வா, பகலில் படி என்று வேலைக்கு எடுத்தார். மற்ற ஊர் போலீஸ்காரர்கள் 'காலேஜ் போலீஸ்' என்று கேலி பண்ணினார்கள். 1919-ல் வால்டர் கார்டன் என்ற கறுப்பின இளைஞரை எடுத்தார். அந்த ஊருக்கு அவர்தான் முதல் கறுப்பினக் காவலர். முணுமுணுத்த வெள்ளைக் காவலர்களுக்கு வோல்மர் இடம் கொடுக்கவில்லை. கார்டன் ரோந்து போய்க்கொண்டே சட்டம் படித்து 1922-ல் பட்டம் வாங்கினார். பின்னாளில் அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்குக் கவர்னர், அதற்குப் பிறகு ஃபெடரல் நீதிபதி. லெக்ஸோ குழு கண்ட நியூயார்க்கில், கட்சியில் ஆள் இல்லாத ஒரு பையன் எங்கே போய் மனுக் கொடுத்திருப்பான்? கல்லூரி வாசல் வழியாகப் போலீசுக்குள் போகலாம் என்ற ஏற்பாட்டின் பெரிய நன்மை இதுதான் என்பது என் எண்ணம். மனுக் கொடுக்க யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

1930-ல் சான் ஹோசே அரசுக் கல்லூரியில் போலீஸ் படிப்பு தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டு வருடக் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 1959-ல் கலிஃபோர்னியா மாநிலம் போலீஸ் பயிற்சிக்குக் குறைந்தபட்ச அளவு போட ஒரு ஆணையம் வைத்தது. இன்றைக்கு அந்த அளவு 664 மணி நேரம். பெரும்பாலான கல்லூரிகள் அதற்கு மேலும் நடத்துகின்றன. முழு நேரமாகப் படித்தால் ஏறக்குறைய ஆறு மாதம்.

இப்போது பையனின் காகிதங்களுக்கு வருவோம்.

முதலில் கைரேகை. காலேஜில் துப்பாக்கிப் பயிற்சி உண்டு அல்லவா? வேலையில் இல்லாத மாணவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்குமுன், இவன் துப்பாக்கி தொடத் தடையுள்ளவன் இல்லை என்று மாநில நீதித் துறை சொல்ல வேண்டும். அதற்குக் கைரேகை. பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவன் என்றால் அத்தோடு சரி. இந்தக் கைரேகை நம் நாட்டுச் சரக்கு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தக்காரர் பின்னால் பேச்சு மாறக்கூடாது என்று பத்திரத்தில் அவர் உள்ளங்கையை மையில் பதிய வைத்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் வந்தது. லட்சக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடி எடுக்கிற முறைக்குக் கணக்குப் போட்டுக்கொடுத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காள சப் இன்ஸ்பெக்டர்கள். பெயர் வாங்கியவர் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றி. ஆபீஸ் வழக்கம் எங்கேயும் ஒன்றுதான்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதற்குப் போட்டியாக இருந்த இன்னொரு ஆளையும் சொல்லாமல் இருக்க முடியாது. பாரிஸ் போலீஸ் தலைமையகத்தில் 1879-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். குற்றவாளியின் தலை நீளம், கால் நீளம், நடுவிரல் நீளம் என்று 11 அளவு எடுத்துக் கார்டில் எழுதி அடுக்கிவைத்தால் அவன் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் பிடித்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர். உலகமே அந்த முறையைப் பின்பற்றியது. பிறகு வங்காளத்து ரேகை வந்து அதை ஓரம் கட்டிவிட்டது. தோற்றாலும் குமாஸ்தா குமாஸ்தாதான், எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் உண்டு.

அடுத்தது எழுத்துத் தேர்வு. எழுத்துப்பிழை, சொல்வளம், படித்துப் புரிந்துகொள்வது, காரணம் காண்பது. நண்பருக்கு இதில் ஒரே ஆச்சரியம். திருடனைப் பிடிக்கிறவனுக்கு எழுத்துப்பிழை எதற்கு என்றார். நான் சொன்னேன்: திருடனைப் பிடிப்பது பத்து நிமிஷம். அதை எழுதுவது இரண்டு மணி நேரம். எழுதியது தப்பாக இருந்தால் கோர்ட்டில் திருடன் சிரித்துக்கொண்டே வெளியே போவான். அகாடமியில் அறிக்கை எழுதுவதற்கென்றே தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளியில் 'திக்தே' என்று சொல்வதை எழுதும் தேர்வு உண்டு. ஐந்து பிழை வந்தால் பூஜ்யம். அன்றைக்கு அழுதுகொண்டே எழுதியதன் அருமை கோப்புகளைக் கையில் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, சுய விவரப் படிவம். இருபது பக்கத்துக்கு மேல். இதை எந்த ஊர் வேலைக்கு எடுக்கிறதோ அந்த ஊர் போலீஸ் கேட்டே தீரும். பையன் இப்போதே நிரப்ப ஆரம்பித்துவிட்டான். குடியிருந்த வீடுகள், கூட இருந்தவர்கள், வேலை பார்த்த இடங்கள், ஏன் விட்டாய், கடன் எவ்வளவு, வண்டி ஓட்டி வாங்கிய அபராதம் எத்தனை, போதைப்பொருள் தொட்டதுண்டா. ஃபோனில் என்னிடம், "தாத்தா, சின்ன வயசில் கடையில் ஒரு சாக்லேட் எடுத்ததைக்கூட எழுதணுமா?" என்று கேட்டான். எழுது என்றேன். எடுத்தது பெரிய குற்றமாகாது, மறைத்ததுதான் ஆளைக் கவிழ்க்கும். அங்கேயும் பலர் தோற்பது அந்த இடத்தில்தான்.

ஏனென்றால் பல ஊர்களில் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைக்கிறார்கள். அந்தக் கருவி பிறந்த ஊரும் பெர்க்லிதான்! 1921-ல் வோல்மரிடம் காவலராக இருந்த ஜான் லார்சன் செய்தது. உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கிய போலீஸ்காரர். மாணவிகள் விடுதியில் நடந்த ஒரு திருட்டில் முதன்முதலாகப் பயன்படுத்தினார். விசாரித்த பெண்களில் ஒருவரையே பிறகு கல்யாணமும் செய்துகொண்டார். வயதான காலத்தில் அவருக்கே தன் கருவியின் மேல் நம்பிக்கை போய்விட்டது. 1988-ல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, தனியார் முதலாளிகளில் பெரும்பாலோர் இதை வேலைக்கு வருபவர்கள் மேல் பயன்படுத்தக்கூடாது என்று தடுத்துவிட்டது. அரசாங்கத்துக்கு மட்டும் விலக்கு. இது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைச் சிப்பந்தியிடம் பயன்படுத்தத் தகுதியில்லாத கருவி போலீஸ்காரனிடம் மட்டும் எப்படி உண்மை பேசும்?

உடல் தேர்வு பயிற்சியின் முடிவில். ஆறடிச் சுவரைத் தாண்ட வேண்டும், 165 பவுண்டு எடையுள்ள பொம்மையை (நம் கணக்கில் 75 கிலோ) 32 அடி தூரம் இழுக்க வேண்டும், 500 கஜம் ஓட வேண்டும். முன்பெல்லாம் இத்தனை உயரம் இருந்தால்தான் போலீஸ் என்று அங்கேயும் இருந்தது. அந்த அளவுகோல் பெண்களைப் பெரும்பாலும் வெளியே நிறுத்தியது. 1977-ல் அலபாமா சிறைக் காவலர் வேலை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேலைக்குத் தேவை என்று நிரூபிக்காத உயர எடை விதி செல்லாது என்றது. இப்போது நீ எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை. சுவரைத் தாண்டுவாயா என்று கேட்கிறார்கள்.

வயதுக் கட்டமும் குடியுரிமைக் கட்டமும் மிகச் சமீபத்தில் மாறியவை. 2021 வரை கலிஃபோர்னியாவில் 18 வயதில் போலீஸ் ஆகலாம். அந்த வருடம் சட்டம் வந்து 21 ஆனது. குடியுரிமை விதி 2023 முதல் தளர்ந்தது. சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும். நம் பையன் பன்னிரண்டு வயதில் போனவன், இன்னும் கிரீன் கார்டுதான். முன்பாக இருந்தால் குடியுரிமைக்கு மனுச் செய்ததையும் காட்டியிருக்க வேண்டும்.

வயதை ஏன் உயர்த்தினார்கள் என்றால், 2020 மே 25. மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதை உலகமே பார்த்தது. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். மினியாபொலிஸ் இருக்கிற மினசோட்டா மாநிலம் சாதாரண மாநிலம் இல்லை. போலீஸ் உரிமம் வேண்டுமென்றால் இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு கட்டாயம் என்று 1977-ல் அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்ட மாநிலம். வோல்மரின் கனவுக்கு அதைவிடக் கிட்டத்தில் வந்த மாநிலம் வேறு இல்லை.

அப்படியானால் படிப்பு வீணா? இதற்குப் பதில் 1978-லேயே ஒரு அறிக்கையில் இருந்தது. கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1967-ல் ஜனாதிபதி ஜான்சன் வைத்த குழு, போலீஸ்காரர் அனைவரும் ஒரு நாள் பட்டதாரி ஆக வேண்டும் என்றது. அடுத்த வருடமே சட்டம் வந்து, போலீஸ் படிப்புக்கு மத்திய அரசுப் பணம் கொட்டியது. கடன் வாங்கிப் படித்துப் போலீசில் சேர்ந்தால், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கால் பங்கு தள்ளுபடி. பணம் வருகிறது என்று தெரிந்ததும் தெருவுக்குத் தெரு கல்லூரிகள் போலீஸ் பாடம் திறந்துவிட்டன. (இதுவும் நமக்குப் பழக்கமான காட்சி.) 1978-ல் லாரன்ஸ் ஷெர்மன் என்ற ஆய்வாளர் பொறுப்பில் வந்த அறிக்கை சுடச்சுடச் சொன்னது: கல்லூரி என்று பலகை வைத்துவிட்டு, ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களை வைத்துப் பழைய போலீஸ் பயிற்சியைத்தான் நடத்துகிறீர்கள், இதில் படிப்பு எங்கே என்று. சரித்திரமும் இலக்கியமும் சமூகவியலும் மற்ற மாணவர்களோடு உட்கார்ந்து படித்தால்தான் அது கல்வி, தனிக் கொட்டகையில் யூனிஃபார்ம் போட்டு உட்கார்ந்தால் அது பாசறை என்பது அதன் சாரம். 2021 சட்டத்திலும் வயதோடு கூட, கம்யூனிட்டி கல்லூரிகள் நவீனக் காவல் படிப்பு ஒன்றை வகுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நாற்பது வருடம் கழித்து அதே கோப்பு மறுபடி மேஜைக்கு வந்திருக்கிறது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நண்பரின் கவலை அதுதான். காலேஜ் கட்டணம் பெரிய தொகை இல்லை. சீருடை, பூட்ஸ், தோட்டா, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். அதைவிடப் பெரிய செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை: ஆறு மாதம் சம்பளம் கிடையாது. ஊர் போலீஸ் எடுத்து அனுப்பிய பையனும் இவனும் ஒரே வகுப்பில் ஒரே பாடம் படிப்பார்கள். அவனுக்குச் சம்பளம் ஓடும், இவனுக்கு வாடகை ஓடும். லெக்ஸோ காலத்து 300 டாலர் லஞ்சம் ஒழிந்தது நல்லதுதான். அந்த இடத்தில் வந்து நிற்கிற இந்தச் செலவை ஏழை வீட்டுப் பையன் எப்படித் தாங்குவான் என்று யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே மாலையிலும் வார இறுதியிலும் மூன்று கட்டமாகப் படிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலம் இரண்டு மடங்கு ஆகும். பையன் அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். கிடங்கு வேலையை விடவில்லை.

நம் பிரெஞ்சுக் காலத்து மனிதர்களுக்கு ஒரு சின்னச் சுவாரசியம். பிரான்ஸில் சாதாரணப் போலீஸ்காரருக்குச் சட்டப் பெயர் 'கார்தியேன் தெ லா பே', அமைதியின் காவலர். கலிஃபோர்னியாச் சட்டத்திலும் அமைதி அதிகாரி என்ற பெயர் இருக்கிறது. நம்மூர்ச் சிவப்புக் கெப்பிக்கும் அந்தப் பெயர் பொருத்தமாக இருந்திருக்கும்.

காகிதக் கட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு விதிகள். 2023 முதல், ஒழுங்கீனம் செய்த போலீஸ்காரரின் சான்றிதழை மாநிலமே ரத்து செய்யலாம். அதற்கு முன்னால் ஓர் ஊரில் துரத்தப்பட்டவர் பக்கத்து ஊரில் போய்ச் சேர்ந்துகொள்ள முடிந்தது. இன்னொன்று, பயிற்சி முடித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் ஏதாவது ஓர் ஊர் வேலைக்கு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கற்றது காலாவதி. மறுபடி தகுதிப் பயிற்சிக்கு மனுக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனிப் படிவம்.